தெற்கு ஒன்பதுக்கு வந்திருக்க வேண்டியது

“வெள்ளை ஜெயிக்கும், நூத்திப் பன்னெண்டு மூவ்ல” என்று லூர்துமணி சொன்னபோது அவர் வாய் நிறையப் பல்பொடி இருந்தது, கையில் குடம் இருந்தது, குடத்துக்கு முன்னால் இன்னும் மூன்று குடங்கள் வரிசையில் நின்றன, அவர் பலகையைப் பார்க்க வேண்டும் என்று பார்க்கக்கூட இல்லை, துப்பத் திரும்பியபோது மனமகிழ் மன்றத்துப் படியில், பஞ்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு நடுவில் அது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

“என்னவே சொல்லுதீரு?” என்று ஆடியவர்களில் ஒருவன் கேட்டான்.

“தெரியலடே. வாயில வந்துச்சு.”

பலகையில் எட்டுக் காய்கள் இருந்தன. ஏழு காய்கள் வரைக்கும் எந்த நிலையைக் கேட்டாலும் யார் ஜெயிப்பார், எத்தனை நகர்த்தலில் என்று கைபேசியே சொல்லிவிடும், எட்டுக்குச் சொல்லாது. ஆகவே அவர்கள் வெள்ளையால் ஒரு சிப்பாயை வெட்டி ஏழாக்கிவிட்டுக் கைபேசியில் தேடினார்கள். வெள்ளை, நூற்றுப் பதினொன்று என்று வந்தது. சரிதான் என்று அவர்கள் பலகையை மடக்கிக்கொண்டு தூங்கப் போனார்கள், லூர்துமணி குடத்தை ஒரு அடி முன்னால் நகர்த்தினார்.

வரிசையில் அவருக்கு அடுத்து நின்ற ஆவுடையப்பன் மட்டும் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய், பரணிலிருந்து பலகையை இறக்கி, இரண்டு ராஜா, இரண்டு யானை, நான்கு சிப்பாய்களை அதில் பரத்தி, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, வாயை லேசாகத் திறந்தபடி காத்திருந்தார்.

“காலங்காத்தால பலகைய வச்சுக்கிட்டு என்ன? தண்ணி எங்க?” என்றாள் அவர் மனைவி உலகம்மாள்.

“வருதான்னு பாக்கேன்.”

“தண்ணி கொழாயில வரும். பலகையில எப்படி வரும்?”

வரவில்லை. காய்களை மாற்றி வைத்துப் பார்த்தார், அப்போதும் வரவில்லை. கதவு வழியே எதிர்வீடு தெரிந்தது, வடக்கு ஒன்பது, லூர்துமணியின் வீடு, வாசலில் அவருடைய ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. என்ன நடந்திருக்கிறது என்று தெருவில் எல்லாருக்கும் முன்னால் ஆவுடையப்பனுக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் எதை எங்கே வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

அவர் அந்தப் பஞ்சாலையின் பேல் குடோன் கீப்பர், பஞ்சுப் பொதி அடுக்குகிற கிடங்குக்குப் பொறுப்பு. லாரி உள்ளே நுழையும்போதே இத்தனை பேல், இந்த மூலையில் இத்தனை அடுக்கு, வராந்தாவில் மிச்சம் என்று சொல்லிவிடுவார், இருபத்தேழு வருஷத்தில் ஒரு பேல்கூட மழையில் நனைந்ததில்லை. மனமகிழ் மன்றத்தின் செயலாளர் குலசேகரன் தை மாதத்தில் ஒருநாள் அவரிடம் வந்து, வெளிநாட்டில் சிலர் எட்டுக் காய் மிஞ்சுகிற முடிவாட்டங்கள் அத்தனையையும் கணக்கிட முயல்கிறார்கள், கணக்கிட்டாலும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிக்கிறார்கள், நம் மன்றத்தின் சார்பாக ஒரு மதிப்பீடு எழுதி அனுப்பினால் என்ன என்று கேட்டபோது, ஆவுடையப்பன் பழைய பேல் ரிஜிஸ்டரின் பின்பக்கங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், நாற்பது பக்கம் எழுதிவிட்டுத்தான் எழுந்தார். ஒரு காய் கூடினால் ஒரு பேல் கூடினதாக அர்த்தமில்லை, இருக்கிற குடோனைப் போல நூறு நூற்றைம்பது குடோன் கூடினதாக அர்த்தம் என்று எழுதினார். ஏழு காய்க்குப் பதினெட்டு டெராபைட் பிடிக்கிறது, எட்டுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் என்று போகும் என்று எழுதினார். மன்றத்தில் இருந்தது ஒரே ஒரு டிஸ்க், அது முழுக்கச் சினிமா. குடோன் நிறைந்தால் சுற்றுக் கட்டடங்களில் பிரித்து வைப்பதுதான் வழக்கம் என்பதால், ஓர் உதாரணத்துக்கு, தாங்கள் குடியிருந்த ஆலை லைன் வீடுகளில் பிரித்து வைத்தால் எந்த வீட்டுக்கு எது என்று ஒரு பட்டியலும் போட்டார், ராணிகள் இன்ன வீட்டுக்கு, குதிரைகள் இன்ன வீட்டுக்கு என்று தெருவின் இரண்டு வரிசைகளுக்கும் பங்கிட்டார், இரண்டு பக்கமும் யானையும் சிப்பாய்களும் மிஞ்சுகிற ஆட்டத்தை, முப்பது வருஷமாகத் தான் உயிரை விட்டுப் படித்த ஆட்டத்தை, தெற்கு ஒன்பது என்று தன் வீட்டுக்கே எழுதிக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இடத்தை மிச்சம் பிடிப்பது அவர் தொழில். சதுரங்கப் பலகையின் வலப்பாதி இடப்பாதியின் கண்ணாடி, வெள்ளை ராஜா வலப்பக்கம் நிற்கிற எந்த நிலையையும் இடம் வலமாகத் திருப்பி வைத்தால் இடப்பக்கம் நிற்கிற நிலையாகிவிடும், பதில் மாறாது, எனவே பாதியை வைத்துக்கொண்டால் போதும் என்பது நாற்பதாவது பக்கத்தில் அவருக்குப் பொறி தட்டியது, பெருமையாக இருந்தது, பட்டியலை அடித்துத் திருத்துவதற்குப் பதிலாகக் கீழே ஒரே வரி எழுதினார்: வடக்கு வரிசை போதும், தெற்கு வீட்டுப் பங்கு எதிர்வீட்டிலேயே அடங்கும், தெற்கு வரிசை அதன் நிழல். கடிதம் திங்கட்கிழமை போயிற்று. வியாழக்கிழமை காலை குழாயில் தண்ணீர் வந்த நேரத்தில் பதில்கள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன.

மத்தியானத்துக்குள் வடக்கு வரிசையின் இருபத்தெட்டு வீடுகளும் நிறைந்தன. வடக்கு ஒன்றில் இசக்கியம்மாள் சாளை மீன் ஆய்ந்துகொண்டே ராணி முடிவாட்டங்களைச் சொன்னாள், அவளுக்குக் குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது. வடக்கு நான்கில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே தங்கபுஷ்பம் இரண்டு குதிரைகளைச் சொன்னாள், காலை நிறுத்தினால் பதில் நின்றது, மிதித்தால் வந்தது. வடக்கு வரிசை முழுவதும் வாசல் பக்கமாக ஒரு விரற்கடை இறங்கியிருந்தது, ஆவுடையப்பன் நூல் பிடித்துப் பார்த்தார், பேல் அடுக்கிய தரை இறங்குவதைப் போலத்தான் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து குழாயடியில் சிந்திய தண்ணீர் எல்லாம் வடக்கே ஓடியது, வடக்கு வரிசைப் பெண்கள் வாசலில் தேங்கிய தண்ணீரை வாரியலால் தள்ளிக்கொண்டே, “என்ன செய்ய, எங்க வீட்டுல பாரம் அதிகம்லா” என்று தெற்குப் பார்த்துச் சொன்னார்கள்.

தெரு இதற்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வேலை நேரத்தில் பதில் சொல்லக்கூடாது என்று ஆலை ஆபீசில் சுற்றறிக்கை ஒட்டினார்கள். பேருந்து நடத்துநர்கள் நிறுத்தத்தின் பெயரை விட்டுவிட்டு, எட்டுக்காய் எல்லாம் இறங்கு என்றார்கள், எங்கெங்கிருந்தோ பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்கள் இறங்கினார்கள். வடக்குப் பதினான்கின் பெண்ணுக்கு வரன் வந்தபோது, முடிவாட்டம் பெண்ணோடு வருமா வீட்டோடு நிற்குமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், அது கரண்ட் மீட்டர் மாதிரி வீட்டோடுதான் என்று குலசேகரன் தீர்ப்புச் சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் யோசித்துவிட்டு, சரி, மாப்பிள்ளை இங்கேயே வந்து இருக்கட்டும் என்றார்கள். தெற்கு வரிசை முதலில் இதை ஒன்றுமில்லை என்றது, பிறகு வியாதி என்றது, பிறகு வீடு மாற்றிக் கொடுக்கும்படி ஆலைக்கு மனு எழுதியது, மனுவுக்குப் பதில் வரவில்லை. அப்போதுதான் குலசேகரன் பொதுக்குழுவைக் கூட்டி மதிப்பீட்டின் நகலை நாற்பதாவது பக்கம் வரை வாசித்தார்.

கடைசி வரி முடிந்ததும் தெற்கு வரிசை மொத்தமும் ஆவுடையப்பன் பக்கம் திரும்பியது.

“உம்ம யாருவே மடிக்கச் சொன்னா?” என்றார் தெற்கு இருபது.

“எடம் மிச்சம்னு…”

“யாரு எடம் மிச்சம்? எங்க எடம்! சும்மா கெடந்த வீட்ட நெழலாக்கிப் புட்டீரே.”

“அவுக வேட்டியக்கூட ரெண்டா மடிக்கமாட்டாக, இதப் போயி மடிச்சிருக்காக” என்றாள் உலகம்மாள், கூட்டம் சிரித்தது, ஆவுடையப்பன் தன் மனைவி எந்த வரிசையில் இருக்கிறாள் என்று யோசித்தார்.

ஆனால் அந்தக் கூட்டத்தில்தான் தெற்கு வரிசைக்கும் ஒரு வேலை கிடைத்தது. வெள்ளை ராஜா வலப்பக்கம் நின்றால் வடக்கு வரிசைக்காரர்களுக்கு ஒன்றும் தோன்றுவதில்லை, “எங்கிட்ட இல்லையே” என்று கையை விரித்துவிடுகிறார்கள் என்று வந்தவர்கள் குறைப்பட்டிருந்தார்கள், காய்களை இடம் வலமாகத் திருப்பி வைத்தால் வரும் என்று ஆவுடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். திருப்புகிற வேலையைத் தெற்கு வரிசை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு தெற்கு வீட்டிலிருந்தும் ஒருவர் எதிர்வீட்டுக்குப் போய், பலகைக்கு எதிரே உட்கார்ந்து, வலது ஓரத்தில் உள்ளதை இடது ஓரத்துக்கும் அடுத்ததை அடுத்ததற்கும் மாற்றி வைப்பார், வடக்கு வீட்டுக்காரர் சொல்வார். நாங்கள் திருப்பாவிட்டால் பாதிதான் என்று தெற்கு வரிசை சொல்லிக்கொண்டது. எல்லாரும் போனார்கள். ஆவுடையப்பன் போகவில்லை. அவருக்குப் பதிலாக உலகம்மாள் சாயங்காலம் உலை இறக்கிவிட்டு வடக்கு ஒன்பதுக்குப் போனாள், விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

“என்ன சிரிப்பு அங்க?”

“ஒண்ணுமில்ல, லூர்து அண்ணாச்சி சொல்லுதாக, எனக்கே தெரியாத வெவரம் எல்லாம் எனக்குத் தெரியுதுன்னு. சிரிக்காம என்ன செய்ய?”

லூர்துமணி ஆலையில் ஃபிட்டர். பத்தொன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆவுடையப்பனோடு ஆடுகிறவர், ஒருமுறைகூட ஜெயித்ததில்லை, அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. முடிவாட்டம் வந்து குடியேறிய பிறகும் அவர் அதே மோசமான ஆட்டத்தைத்தான் ஆடினார், ஏனென்றால் முடிவு என்ன என்பது மட்டும்தான் அவருக்கு வந்தது, எப்படி ஆடுவது என்பது வரவில்லை. எட்டுக் காய் மிஞ்சியதும் வாய் தானாக “டிரா” என்று சொல்லும், பிறகு அவர் ஒரு யானையை நகர்த்துவார், உடனே வாய் “வெள்ளை, இருபத்தொண்ணுல” என்று சொல்லும், “இப்பத் தப்புப் பண்ணிட்டேன் போலுக்கு அண்ணாச்சி, என்ன தப்புன்னு தெரியல” என்று அவரே சிரிப்பார். ஆவுடையப்பன் ஜெயிப்பார். அந்த ஜெயத்தில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. தன் வீட்டுக்கு என்று எழுதியது, தன் கையெழுத்தில் எழுதியது, தன் வாய்க்கு வந்திருக்க வேண்டியது, இந்த மனுஷனுடைய பல்பொடி வாயில் போய் உட்கார்ந்துகொண்டு வாரா வாரம் தன்னைப் பார்த்துப் பேசுகிறதே என்று நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு எரிந்தது, ஓமத் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை, நான்காவது ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்தினார்.

ஆனால் எரிச்சலுக்கு அடியில் பயம் ஒன்று இருந்தது. அது அவர் வீட்டு டிவியின் மேல் இருந்தது. பத்தொன்பது வருஷம் முன்னால் மன்றக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஆவுடையப்பன் வெள்ளை, லூர்துமணி கருப்பு. ஆட்டம் இரண்டு யானை, நான்கு சிப்பாய் என்று வந்து நின்றபோது ஆவுடையப்பன் டிரா கேட்டார், கேட்ட நொடியில் லூர்துமணி கைகொடுத்தார். யார் நன்றாக ஆடுகிறவர் என்று ஊருக்கே தெரியும் என்பதால், ஜெயிக்கிற ஆட்டத்தை அண்ணாச்சி விட்டுக் கொடுத்தார் என்று தெரு முடிவு செய்தது, அவரும் மறுக்கவில்லை, சில வருஷங்களில் அவரே அதைச் சொல்ல ஆரம்பித்தார். நான் விட்டுக் கொடுத்தது என்பார். ஆமா, அண்ணாச்சிக்குப் பெரிய மனசு என்பார் லூர்துமணி. அன்றிலிருந்து கோப்பை பொதுவாயிற்று, தை முதல் தேதி தெற்கு ஒன்பதுக்கு வரும், ஆடி முதல் தேதி வடக்கு ஒன்பதுக்குப் போகும், வாங்குகிறவர் துண்டில் சுற்றி எடுத்துப்போவார், தெருவில் அது தீபாவளி மாதிரி ஒரு வழக்கமாகிவிட்டது. டிரா கேட்ட நேரத்தில் தன் கை ஏன் வேர்த்திருந்தது என்பதை மட்டும் ஆவுடையப்பன் யாரிடமும் சொன்னதில்லை. ஆட்டம் எழுதிய தாள் ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது. அந்த நிலைக்கான பதில் இப்போது தெருவுக்கு எதிர்ப்பக்கம், லூர்துமணிக்குள், அவருக்கே தெரியாமல், யாராவது பலகையில் வைத்துக் கேட்கிற வரைக்கும் சும்மா கிடந்தது. அவரிடம் இருப்பதால் கேட்கவும் முடியவில்லை, அவரிடம் இருக்கும்போது கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

வைகாசி மாதம் ஒரு சாயங்காலம் உலகம்மாளுக்குக் காய்ச்சல்.

“வெளியூர்க்காரங்க ரெண்டு பேரு எதிர்த்தாப்புல ஒக்காந்திருக்காங்க. திருப்ப ஆளில்ல. நீங்க போங்க.”

“நான் போகமாட்டேன்.”

“போனா கொறஞ்சா போவிய? திருப்பி வைக்கது ஒரு வேலையா? நாலு சுவத்துக்குள்ள மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு இருப்பிய?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ரேஷன் கார்டு உறையைப் பையில் வைத்துக்கொண்டு போனார். லூர்துமணி தரையில் உட்கார்ந்து யாருடைய மிக்ஸியையோ பிரித்துப் போட்டிருந்தார், ஆவுடையப்பனைப் பார்த்ததும் பாயைத் தள்ளிப் போட்டு, “வாங்க அண்ணாச்சி, தலைவலி தேவலையா?” என்றார். வெளியூர்க்காரர்களுக்கு மூன்று நிலைகளை ஆவுடையப்பன் திருப்பி வைத்தார். கை வேகமாகப் போயிற்று, இருபத்தெட்டு வீடுகளிலும் இத்தனை சுத்தமாகத் திருப்பியவர் யாருமில்லை என்று அவர்கள் பேசிக்கொண்டே எழுந்து போனார்கள். லூர்துமணியின் மனைவி ஆரோக்கியம் அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பன் எழுந்திருக்கவில்லை. தாளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார், மனப்பாடமாகத் தெரிந்ததால் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஆட்டத்தில் அவருடைய ராஜா வலப்பக்கம் நின்றது. அதை நேராக வைத்துக் காட்டவில்லை, வைக்கும்போதே திருப்பி இடப்பக்கம் வைத்தார், யானையையும் அப்படியே, சிப்பாய்களையும் அப்படியே, வைத்து முடித்தபோது பத்தொன்பது வருஷமாகக் கண்ணை மூடினால் தெரிகிற அந்த நிலை அவருக்கே யாரோ ஆடின ஆட்டம் மாதிரி இருந்தது.

“வெள்ளை ஆட்டம்” என்றார்.

லூர்துமணி மிக்ஸியின் பிளேடிலிருந்து கண்ணை எடுத்து ஒருமுறை பார்த்தார். “கருப்பு. அம்பத்தெட்டுல.”

“நல்லாப் பாரும்.”

“பாக்க என்ன இருக்கு அண்ணாச்சி, கருப்புதான்.” பிளேடைத் துணியால் துடைத்தார். “யாரு ஆடுனது?”

“பழைய ஆட்டம்.”

“யாரு ஜெயிச்சா?”

“டிரா.”

“அடப் பாவமே. யாரு கேட்டா?”

“வெள்ளை கேட்டான். கருப்பு ஒத்துக்கிட்டான்.”

லூர்துமணி சிரித்தார். “அப்பக் கருப்புக்காரன் பெரிய மனசுக்காரன். தெரிஞ்சு குடுத்திருந்தா பெரிய மனசு. தெரியாமக் குடுத்திருந்தா என்னைய மாதிரி ஒருத்தன்.” பிறகு உள்ளே பார்த்து, “ஏட்டி, அண்ணாச்சிக்குக் காப்பி போடு” என்றார்.

ஆவுடையப்பன் காப்பியைக் குடித்தார். காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார், தாளைப் பையில் வைத்தார், தெருவைக் கடந்து வீட்டுக்குப் போய், உலகம்மாளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கஞ்சி வைத்தார்.

மறுநாள் காலை குழாயடியில் குடங்கள் வரிசையில் நின்றன, சிந்திய தண்ணீர் வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் தன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வடக்கு ஒன்பதுக்குள் நுழைந்தார். லூர்துமணி வாசலில் வாய் நிறையப் பல்பொடியோடு ஒரு பேருந்துக் கூட்டத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், ஆரோக்கியம் அரிசி களைந்துகொண்டே, “அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?” என்று கேட்டாள், விட்டுவிட்டது என்று அவர் சொன்னார். ஆடி பிறக்க இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. டிவியின் மேல் தூசிக்கு நடுவே தை மாதம் வரைக்கும் கோப்பை இருந்த வட்டம் மங்கலாகத் தெரிந்தது. துண்டைப் பிரித்துக் கோப்பையை அந்த வட்டத்தின் மேல் வைத்தார், வீடு இறங்கியிருந்ததால் அது வாசல் பக்கமாகச் சாய்ந்து ஆடியது. பையிலிருந்து தாளை எடுத்து, பாதியாக மடித்து, பிறகு அதையும் பாதியாக மடித்து, ஆடுகிற பக்கத்தில் கோப்பையின் அடியில் செருகினார். கோப்பை அசையாமல் நின்றது. வெளியே அவருடைய குடத்தின் முறை வந்திருந்தது.